முந்தின நாள்

டிசம்பர் 24 என்றால் எனக்கு முதலில் வருவது வறுத்த பாசிப்பயறு வாசனைதான். எங்கள் ஊர் வள்ளியூர்ப் பக்கம். ஆச்சி அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கருப்பட்டிப் பாகில் பயற்றுமாவைப் பிசைந்து முந்திரிக்கொத்து உருட்டுவாள். அரிசிமாவில் முக்கி, எண்ணெயில் பொரித்து, ஓலைப்பெட்டியில் அடுக்குவாள். பேரப்பிள்ளைகள் ஆறேழு பேர் சுற்றி நிற்போம். எவன் கையாவது நீண்டால் கரண்டிக்காம்பு முழங்கையில் விழும்.

"ஏல, கைய எடு. நாளைக்குத்தான் திருநாளு. இன்னைக்கு ஒருசந்தி."

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே ஒரு முழுச்சாப்பாடு. கறி தவிர்க்கும் நாளுக்குச் சுத்தபோசனம் என்று பெயர். இந்த இரண்டு சொல்லும் இப்போது பங்குகளில், அதாவது ஊர்க் கோவில் சமூகங்களில், அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. நள்ளிரவுப் பூசை முடிந்து, பனியில் நடந்து வந்து, கை கால் கழுவிய பிறகுதான் ஓலைப்பெட்டி திறக்கும். அந்த முதல் கடி இன்னும் நாக்கில் இருக்கிறது. பிறகு எத்தனையோ கடைகளில் முந்திரிக்கொத்து வாங்கித் தின்றுவிட்டேன். அந்த ருசி வரவில்லை. கருப்பட்டியில் கலப்படம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2021 கிறிஸ்துமஸ். கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீடு. டிசம்பர் முதல் வாரமே அலுவலகத்தில் கேக் வெட்டியாகிவிட்டது. அப்புறம் அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு, கேரல் குழு, பிள்ளைகளின் பள்ளி விழா என்று வரிசையாகக் கேக். 24-ஆம் தேதி இரவு பூசைக்குப் போகும்போது எனக்குக் கிறிஸ்துமஸ் திகட்டிப்போயிருந்தது. 26 காலையில் நான் நட்சத்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சின்னவன் வந்து, "கிறிஸ்துமஸ் முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டான். "முடிஞ்சிருச்சு" என்றேன். உண்மையில் அது ஆரம்பித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதுகூடத் தெரியாமல் நாற்பது வருடம் கத்தோலிக்கனாக இருந்திருக்கிறேன்.

அடுத்த மே மாதம் ஆச்சி போய்விட்டாள். கடைசி நாள் இரவில் பெரியம்மா அலமாரியிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தி, ஆச்சியின் விரல்களை மடக்கி அதைப் பிடிக்கவைத்தாள். "இது மெழுகுதிரித் திருநாளுக்கு மந்திரிச்சது. இதுக்குன்னே எடுத்து வச்சிருந்தா" என்றாள். அடக்கம் முடிந்தபின் ஆச்சியின் செபப்புத்தகத்தைப் புரட்டியபோது உள்ளே நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. தாத்தாவின் கையெழுத்து, அவர் ஊரில் உபதேசியாராக, அதாவது மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவராக இருந்தவர். வருடத்தின் திருநாள்கள் வரிசையாக. சிலவற்றின் எதிரே மட்டும் சின்னதாக இரண்டு சொல்: 'முந்தின நாள்.'

கருப்பட்டி மேல் தப்பில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு வருடம் அந்தத் தாளின்படி வாழ்ந்து பார்ப்போம் என்று 2022 நவம்பர் 27, கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு அன்று தொடங்கினோம். நான், மனைவி, அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த மகள், இரண்டாம் வகுப்பில் இருந்த மகன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இதேபோல் செய்து பார்க்க நினைத்தால், நான் செய்த தப்புகளையாவது செய்யாமல் இருக்கட்டும்.

அந்தத் தாளில் இருந்தது பழைய நாள்காட்டி. எதைப் பழையது என்று சொல்கிறேன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். இப்போது பங்கில் தொங்குவது ஆறாம் பவுல் பாப்பரசர் 1969-இல் ஒப்புதல் தந்து, 1970 முதல் நடப்புக்கு வந்த நாள்காட்டி. அதற்கு முந்தையதில் இல்லாத சில எளிமைகள் இதில் உண்டு. முந்தையதில் இருந்த சில விஷயங்கள் இதில் இல்லை. பெரிய திருநாள்களுக்கு முந்தின நாள் விழிப்பும் ஒருசந்தியும் இருந்தது. சில திருநாள்களுக்குப் பிந்தி எட்டு நாள் கொண்டாட்டம் இருந்தது. தூய ஆவி இறங்கிய திருநாளான பெந்தெகோஸ்தேயின் எட்டு நாள் போய்விட்டது, ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் இன்னும் இருக்கிறது. 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கிறிஸ்துமஸ், பெந்தெகோஸ்தே, பரலோக மாதா திருநாள் (மாதாவின் விண்ணேற்பு), சகல அர்ச்சிஷ்டவர்கள் (எல்லாப் புனிதர்கள்) திருநாள் என்ற நான்குக்கும் முந்தின நாளில் ஒருசந்தி கேட்டது. இன்றைய சட்டம் கட்டாயமாகக் கேட்பது விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். எது மேல் என்ற சண்டை எங்கள் வீட்டில் நடக்கவில்லை. ஞாயிறு பூசைக்கு எப்போதும்போல எங்கள் பங்குக் கோவிலுக்கே தமிழில் போனோம். பழையது வந்தது வீட்டுக்குள், சாப்பாட்டு மேசைக்குத்தான்.

முதல் தப்பு மூன்றாவது வாரமே நடந்தது. ஆகமன காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்குப் பிறகு வரும் புதன், வெள்ளி, சனி மூன்றும் பழைய முறையில் நோன்பு நாள்கள். வருடத்தில் நான்கு முறை இப்படி வரும். டிசம்பரில் லூசியம்மாள் திருநாளை ஒட்டி, ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தின் முதல் வாரத்தில், பெந்தெகோஸ்தே வாரத்தில், செப்டம்பரில் சிலுவைத் திருநாளுக்குப் பின். லத்தீனில் இதற்கு 'நான்கு பருவங்கள்' என்று பொருள்படும் பெயர். ஒவ்வொரு பருவத்தையும் பசியோடு தொடங்கி, நன்றி சொல்லி, புதிய குருக்களுக்காகவும் வேண்டிக்கொள்வார்கள். குருப்பட்டம் கொடுப்பதும் அந்தச் சனிக்கிழமைகளில் வழக்கம்.

டிசம்பர் 16, வெள்ளி. காலையில் மகளிடம், "அப்பாவோட சேர்ந்து இன்னைக்கு ஒருசந்தி இருக்கியா?" என்றேன். கேள்வி மாதிரித்தான் கேட்டேன். அவளுக்கு அது கட்டளையாகத்தான் விழுந்தது. டிபன் சாப்பிடாமல் போனாள். ஒன்பதரைக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது, பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று. அன்று மாலை மனைவி என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. நியாயமான பேச்சு.

இரவு ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், "ஏல, ஆச்சி உங்களை எப்பவாவது பட்டினி போட்டாளா? புள்ளைகளுக்குன்னு தனியா சோறு பொங்கி, புளிக்குழம்பு வச்சு, மத்தியானமே போட்டுட்டுத்தான் எண்ணெய்ச்சட்டியவே ஏத்துவா. ஒருசந்தி அவளுக்கு. உங்களுக்கு முந்திரிக்கொத்து மட்டும்தான் கெடையாது" என்றார்.

அந்தச் சோறும் புளிக்குழம்பும் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. கரண்டிக்காம்பு மட்டும் ஞாபகம் இருந்தது. பிறகு எடுத்துப் பார்த்தால் பழைய சட்டமே தெளிவாகச் சொல்கிறது. ஒருசந்தி 21 வயது நிறைந்தவர்களுக்கு. அறுபதாம் வயது தொடங்கும்போது அதுவும் முடிந்துவிடும். இப்போது தொடக்க வயது 18. கறி தவிர்ப்பதுதான் பழைய முறையில் ஏழு வயதிலிருந்து. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கடும் உடல் உழைப்பாளிகளுக்கும் எந்தக் காலத்திலும் விலக்கு உண்டு. மூத்தவர்கள் பசித்திருப்பார்கள், பிள்ளைகள் ஒரே ஒரு பண்டத்துக்காகக் காத்திருப்பார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. எனக்கும் காலைக் காப்பி இல்லாமல் பதினொரு மணிக்குத் தலைவலி வந்து, அலுவலகத்தில் ஒருவர் மேல் எரிந்து விழுந்தேன். அடுத்த தடவையிலிருந்து காப்பியை விடவில்லை. பழைய ஒருசந்தியிலும் காலையில் கொஞ்சம், இரவில் கொஞ்சம் சாப்பிடலாம் என்று இருக்கிறது. நான்தான் அர்ச்சிஷ்டவர் ஆகப் பார்த்தேன்.

அந்த டிசம்பர் 24 சனிக்கிழமை. மனைவி யூடியூப் பார்த்து முந்திரிக்கொத்து செய்தாள். பாதி உடைந்துவிட்டது. பிள்ளைகளுக்கு மதியம் சோறும் புளிக்குழம்பும். பலகாரம் டப்பாவுக்குள். குடிலில் மாடு, ஆடு, சூசையப்பர், மாதா எல்லாரும் இருக்க, தீவனத்தொட்டி மட்டும் காலி. சின்னவன் நாள் முழுக்க அந்தக் காலித் தொட்டியை வந்து வந்து பார்த்தான். இரவுப் பூசையிலிருந்து திரும்பி, அவனே பாலனை எடுத்து வைத்தான். ஒன்றரை மணிக்கு டப்பா திறந்தது. உடைந்த முந்திரிக்கொத்துதான். இருந்தாலும் அந்தப் பழைய ருசி நாக்கில் வந்துவிட்டது.

இதை வெறும் நாக்கு விஷயம் என்று யாராவது சொன்னால், ஆமாம் என்றுதான் சொல்வேன். திருச்சபை அதைச் சும்மா வைக்கவில்லை. 'மீட்பருக்காக உலகம் காத்திருந்தது' என்று பிரசங்கத்தில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். வயிறு காத்திருந்தால் அதற்கு விஷயம் புரிகிறது. ஆச்சிக்கு இறையியல் படிப்பு இல்லை. ஆனால் அவள் சின்ன வயதில் நன்மை, அதாவது நற்கருணை வாங்க வேண்டுமானால் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்ற விதி இருந்தது. 1953-இல் தண்ணீருக்கு அனுமதி வந்தது, 1957-இல் மூன்று மணி நேரம் ஆனது, 1964-இல் ஒரு மணி நேரம். ஆச்சி சாகும்வரை பழைய கணக்கில்தான் இருந்தாள். 'நன்மை' என்ற அந்தச் சொல்லையும் அவள் விடவில்லை.

கிறிஸ்துமஸ் 26-ஆம் தேதி முடியவில்லை. ஜனவரி 6 மூன்று இராசாக்கள் திருநாள். அந்த வருடம் பங்கில் அது 8-ஆம் தேதி ஞாயிறு கொண்டாடப்பட்டது. நாங்கள் வெள்ளியன்று வீட்டிலும், ஞாயிறன்று கோவிலிலும். பழைய செபங்கள் அந்த ஒரே நாளில் மூன்று வெளிப்பாடுகளைச் சேர்த்துப் பாடுகின்றன: இராசாக்களைக் கூட்டி வந்த விண்மீன், யோர்தானில் ஞானஸ்நானம், கானாவூரில் திராட்சை இரசமான தண்ணீர். ஐரோப்பாவில் அன்று மந்திரித்த சுண்ணாம்புக்கட்டியால் நிலைப்படியில் இராசாக்களின் பெயர் முதலெழுத்தையும் வருடத்தையும் எழுதுவார்கள். நாங்கள் தமிழிலேயே எழுதினோம்: 20 + க + மெ + ப + 23. கஸ்பார், மெல்கியோர், பல்தசார். ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு அக்கா தன் வாசலில் பொங்கலுக்கு மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டே, "கணக்கெடுக்க வந்தவங்க எங்க வீட்டுக்கு மட்டும் நம்பர் போடாமப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். எங்களுக்கும் ஒன்று போடுங்களேன் என்று சொல்லிவிட்டார்.

பழைய வழக்கத்தில் சில வீடுகளில் குடிலைப் பிப்ரவரி 2 வரை, அதாவது கிறிஸ்துமஸிலிருந்து நாற்பதாம் நாள் வரை வைத்திருப்பார்கள். நானும் வைத்தேன். ஜனவரி நடுவிலேயே முளைவிட்ட கேழ்வரகுப் புல் காய்ந்து, தூசி படிந்து, ஹாலில் நடக்க வழியில்லை. மனைவியோடு ஓர் உடன்பாடு: மாடு, ஆடு, மலை எல்லாம் பரணுக்கு, திருக்குடும்பம் மட்டும் ஜன்னலோரம். எந்த மரபையும் முழுசாக ஒரே மூச்சில் வீட்டுக்குள் இறக்கினால் வீட்டிலிருப்பவர்கள் அந்த மரபை வெறுத்துவிடுவார்கள். ஹாலின் அளவு நாற்பதாம் நாளுக்குத் தெரியாது.

பிப்ரவரி 2 மெழுகுதிரித் திருநாள். மாதா பாலனை ஆலயத்துக்குக் கொண்டுபோன நாள், கிழவர் சிமியோன் கையில் வாங்கி, இனி நான் நிம்மதியாகப் போகலாம் என்று சொன்ன நாள். இப்போதும் பங்குகளில் அன்று திரி மந்திரிப்பது உண்டு. அந்த வருடம் வியாழக்கிழமை வந்தது. காலை ஆறு மணிப் பூசைக்கு எங்களையும் சேர்த்து இருபது பேர். ஒரு பாக்கெட் திரி வாங்கிப்போய்ப் பங்குச்சாமியாரிடம் கொடுத்தோம். மெழுகு கிறிஸ்துவின் உடல், திரி அவருடைய ஆத்துமம், சுடர் அவருடைய தெய்வீகம் என்று பழைய ஞானிகள் ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது அன்று ஏறவில்லை. சிமியோனின் வார்த்தைகளை வாசித்தபோது பெரியம்மா ஆச்சியின் விரல்களை மடக்கித் திரியைப் பிடிக்கவைத்ததுதான் கண்ணில் வந்து நின்றது. வருடா வருடம் பிப்ரவரி 2 அன்று ஒரு திரியை எடுத்து அலமாரியில் வைத்தபோதெல்லாம் எதற்கென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாக்கெட்டில் நாங்களும் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். யாருக்கென்று பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: அலமாரியில் மேல்தட்டில் வைக்காதீர்கள், ஏப்ரல் வெயிலில் வளைந்துவிடும்.

தபசுகாலம் திடீரென்று விபூதிப் புதனில் குதித்து வருவது எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கும். பழைய நாள்காட்டியில் அதற்கும் ஒரு முந்தின நாள் உண்டு. இரண்டரை வாரத்துக்கு முந்தின ஞாயிற்றிலிருந்தே ஊதா நிறம் வந்துவிடும், அல்லேலூயா நின்றுவிடும். 2023-இல் அது பிப்ரவரி 5. மத்திய கால ஐரோப்பாவில் அதற்கு முந்தின மாலை அல்லேலூயாவை அடக்கம் பண்ணுகிற வழக்கம்கூட இருந்தது. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு அட்டையில் அல்லேலூயா என்று எழுதி, வண்ணம் அடித்து, பழைய செருப்புப் பெட்டியில் வைத்து, பாட்டுப் பாடிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். வருடம் முழுவதும் நாங்கள் செய்ததில் செலவே இல்லாததும், பிள்ளைகள் தாங்களாகவே அடுத்த வருடமும் கேட்டதும் இதுதான். ஒன்றே ஒன்று செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

மார்ச் 26, பாடுகளின் ஞாயிறு. பழைய முறையில் அன்றிலிருந்து சுரூபங்களையும் சிலுவையையும் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். தவம் செய்யும் நேரத்தில்தானே சிலுவையைப் பார்க்க வேண்டும், ஏன் மூடுகிறார்கள் என்று மகள் கேட்டாள். பதில் அன்றைய பழைய வாசகத்திலேயே இருந்தது. யோவான் எட்டாம் அதிகாரத்தின் கடைசி. கல்லெறிய வருகிறார்கள், இயேசு தம்மை மறைத்துக்கொண்டு ஆலயத்தை விட்டு வெளியேறுகிறார். அவர் மறைந்துகொண்டார், அதனால் மூடியிருக்கிறது. மனைவி தைக்காமல் வைத்திருந்த ஊதா ரவிக்கைத் துணி இரண்டு, எங்கள் திருஇருதயப் படத்துக்கும் மாதா சுரூபத்துக்கும் அளவாக வந்தது. முதல் இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. நாலாம் நாள், இரவுச் செபத்தில் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தினமும் இருக்கும் படத்தை நான் பல வருடமாகப் பார்க்கவே இல்லை என்பது அது போன பிறகு தெரிந்தது.

பெரிய வாரத்தில் இருள் வழிபாடு ஒன்று உண்டு. முக்கோணத் தண்டில் பதினைந்து திரி; ஒவ்வொரு சங்கீதத்துக்குப் பிறகும் ஒன்றாக அணைத்துக்கொண்டே வருவார்கள். கடைசித் திரியை மட்டும் அணைக்காமல் பீடத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டு, இருட்டில் புத்தகத்தாலும் கையாலும் பலகையைத் தட்டிச் சத்தம் எழுப்புவார்கள். கல்வாரியில் பூமி அதிர்ந்த சத்தம். பிறகு அந்த ஒரே திரி திரும்பி வரும். வீட்டில் பதினான்கு சங்கீதம் நடக்காது. ஏழு அகல்விளக்கு, ஏழு சங்கீதம், புதன் இரவு. சத்தம் எழுப்பும் வேலையைச் சின்னவனிடம் கொடுத்தது தப்பு. அவன் குக்கர் மூடியை எடுத்துக்கொண்டான். கீழ்வீட்டு மாமா டார்ச்சோடு மேலே வந்துவிட்டார். இருட்டில் ஒற்றை விளக்கோடு நாங்கள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, எதுவும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசிச் செபம் முடியும்வரை நின்றுவிட்டுப் போனார். ஏன் நின்றார் என்று இன்றுவரை அவரிடம் நான் கேட்கவில்லை.

பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' பாட்டுக்குப் பிறகு மணி நின்றுவிடும். ஊரில் சின்னவயதில் அந்த இரண்டு நாள் மணிக்குப் பதிலாக மரப்பலகையைத் தட்டிக்கொண்டு போவார்கள். பெரிய வெள்ளி வழிபாடு முடிந்ததும் கோவில் வாசலில் கஞ்சியும் துவையலும். உயிர்ப்பு விழிப்பு ஒரு காலத்தில் சனிக்கிழமை காலையிலேயே நடந்துவிடும். 1951-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் அதை இரவுக்குத் திருப்பினார், 1956 முதல் பெரிய வாரம் முழுதும் மாறியது. ஆச்சி சொல்வாள்: "நான் சின்னப்புள்ளையா இருக்கையில சனிக்கிழம வெயிலு ஏறுமுன்னயே மணி அடிச்சிருவாவ. ராத்திரியில தீ வளர்க்கது பொறவு வந்ததுதான். ஆனா இதுதான் நல்லாருக்கு." பழையதெல்லாம் உசத்தி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இதை நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த வழியில் கொஞ்சம் போனதும் மற்றவர்களைவிட நாம் ஒரு படி மேல் என்கிற நினைப்பு மெதுவாக வந்து உட்காரும். எனக்கு வந்தது. அன்பியக் கூட்டத்தில் ஒரு பெரியவரை, "இதுகூடத் தெரியாதா?" என்கிற தொனியில் திருத்தினேன். பாவசங்கீர்த்தனத்தில், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, அதைச் சொல்ல நேர்ந்தது.

ஏப்ரல் 9 விடியலுக்கு முன் செருப்புப் பெட்டி வெளியே வந்தது.

விண்ணேற்றத் திருநாளில் ஒரு கணக்கு இருக்கிறது. உயிர்ப்பிலிருந்து நாற்பதாம் நாள், வியாழன். அந்த வருடம் மே 18. நம் நாட்டில் அதைப் பிந்தின ஞாயிறுக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள், வேலைநாளில் மக்கள் வர முடியாது என்பதால். நியாயம்தான். ஆனால் வியாழன் போய் வெள்ளியிலிருந்து எண்ணினால் பெந்தெகோஸ்தேக்கு முந்தின சனி வரை சரியாக ஒன்பது நாள். மாதாவும் அப்போஸ்தலர்களும் மேல்மாடியில் காத்திருந்த ஒன்பது நாள். வேளாங்கண்ணிக்கும் அந்தோனியாருக்கும் நாம் பிடிக்கிற நவநாள் எல்லாவற்றுக்கும் முதல் நவநாள் அதுதான். ஞாயிறிலிருந்து எண்ணினால் அந்த ஒன்பது கிடைக்காது. இந்த விஷயம் தெரிந்த நாளிலிருந்து வேளாங்கண்ணிக் கொடியேற்றம்கூட எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. திருநாளுக்கு முன்னே நாள்களை அடுக்கி வைக்கிற பழக்கத்தை நம் ஊர்க்காரர்கள் விடவே இல்லை. நாள்காட்டியில் அழிந்த முந்தின நாள் கொடிமரத்தில் இருக்கிறது.

மழைக்காலம் வரை வந்த மற்றத் திருநாள்களை அவ்வளவு ஒழுங்காகச் செய்யவில்லை. பள்ளி திறப்பு, அலுவலகத் தணிக்கை. தேவநற்கருணைத் திருநாளில் பவனிக்குப் போனோம், அவ்வளவுதான். ஜூன் 24 ஸ்நாபக அருளப்பர் (திருமுழுக்கு யோவான்) பிறந்த நாள் மட்டும் ஞாபகம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஆறு மாதம் முந்தி, பகல் உச்சத்துக்குப் போய்க் குறையத் தொடங்குகிற வாரம். 'அவர் வளர வேண்டும், நான் குறைய வேண்டும்' என்றவருக்குக் குறைகிற வெயிலில் திருநாள், வளர்கிற வெயிலில் ஆண்டவருக்குத் திருநாள். ஆகஸ்டீனார் காலத்திலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். மொட்டைமாடியில் நின்று சூரியனைக் காட்டிப் பிள்ளைகளுக்கு விளக்கினேன். இருவருக்கும் கொசுதான் கடித்தது.

ஆகஸ்ட் 5-க்குத் தூத்துக்குடி போனோம். பழைய நாள்காட்டியில் அது பனி மாதா திருநாள். நான்காம் நூற்றாண்டில் ரோமாபுரியின் எஸ்குவிலின் குன்றில் ஆகஸ்ட் மாதத்தில் பனி பெய்து மாதாவுக்குக் கோவில் கட்ட இடம் காட்டியது என்று ஐதீகம். அங்கே மரியன்னை பேராலயத்தில் இன்றும் அன்று கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைத் தூவுகிறார்கள். இங்கே சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். தங்கத்தேர் முதலில் ஓடியது 1806-இல். அது வருடா வருடம் ஓடுவதில்லை. 2023-இல் ஓடியது. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் கிடக்கிற ஈரம். உறைபனியைக் கண்ணால் கண்டிராத கடற்கரை மக்கள், தோல் கருகும் ஆகஸ்ட் வெயிலில், பனிமய மாதாவே என்று கத்திக்கொண்டு வடம் பிடிக்கிறார்கள். முந்தின இரவே வந்து தெருவில் பாய் விரித்துப் படுத்திருந்த குடும்பங்களுக்கு நடுவில் நாங்களும் கிடந்தோம். பக்கத்தில் ஒரு கிழவி செபமாலை சொல்லிக்கொண்டே தூங்காமல் இருந்தாள். விழிப்பு என்ற சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை.

நவம்பர் 1 சகல அர்ச்சிஷ்டவர்கள், 2 உத்தரிக்கிற ஆத்துமாக்கள், அதாவது இறந்தவர்களின் நினைவு நாள். முந்தின நாளே ஊருக்குப் போய்ப் பெரியப்பாவோடு கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: 2-ஆம் தேதி ஊர்போய்ச் சேர முடியவில்லை என்றால் மனம் விட்டுவிட வேண்டாம். 1 முதல் 8 வரை எந்த நாளில் எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வேண்டிக்கொண்டாலும், பாவசங்கீர்த்தனம், நன்மை போன்ற வழக்கமான நிபந்தனைகளோடு, இறந்தவர்களுக்காகப் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் அருள், உண்டு. அந்த எட்டு நாளில் கோயம்புத்தூரில் எங்களுக்குத் தெரியாதவர்களின் கல்லறைகளுக்கும் மாலையில் போனோம். சின்னவன் பூவே இல்லாத கல்லறையாகப் பார்த்து ஒவ்வொரு சாமந்தி வைத்துக்கொண்டு வந்தான்.

வருடம் முடிந்து அடுத்த ஆகமன காலம். 2023 டிசம்பர் 24 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறு என்றால் ஒருசந்தி கிடையாது. பழைய சட்டம் அதை முந்தின சனிக்கிழமைக்கும் தள்ளுவதில்லை. தாராளமாகச் சாப்பிடலாம். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். மனைவிக்கு இந்தத் தடவை முந்திரிக்கொத்து உடையாமல் வந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டப்பாவைத் திறந்து பிள்ளைகளைக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கு ஞாயிறு. திங்கலாம். சட்டமே சொல்லுது."

சின்னவன் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு ஓடினான். மகள் ஒன்றை எடுத்தாள், முகர்ந்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாளைக்குத்தானப்பா திருநாள்?"

எடுத்ததைத் திரும்ப வைத்து டப்பாவை மூடினாள். என் கை பாதிவழியில் நின்றது.